மங்கிய எஞ்சின் மூடியை மீண்டும் மின்ன வைத்தல்

பல ஆண்டுகள் ஓடிய மோட்டார் சைக்கிளின் அலுமினிய எஞ்சின் மூடி வெளுத்து மங்கிப்போனால், புதியது வாங்குவதற்கு முன் அதைக் கழற்றி வீட்டிலேயே மெருகேற்றிப் பார்க்கலாம் என்பது என் உறுதியான எண்ணம். பெரும்பாலும் கெட்டுப்போயிருப்பது உலோகம் அன்று. அதன்மேல் பூசப்பட்டிருந்த நிறமற்ற வார்னிஷ் அங்கங்கே உரிந்து, அடியில் ஈரம் புகுந்து, புழு ஊர்ந்த தடம்போல் வெள்ளைக் கோடுகளை உண்டாக்கியிருக்கும்.

முதலில் பெயின்ட் ரிமூவர் தடவி அந்தப் பூச்சை முழுவதும் நீக்க வேண்டும். கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். காஸ்டிக் சோடா கூடவே கூடாது, அது அலுமினியத்தையே அரித்துவிடும்.

பிறகு 320 எண் வாட்டர் பேப்பரில் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்; எண் கூடக்கூட சொரசொரப்பு குறையும்) தொடங்கி 400, 600, 800, 1000, 1500 என்று படிப்படியாக, சோப்பு நீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு தாளுக்கும் தேய்க்கும் திசையைக் குறுக்காக மாற்றினால், முந்தைய தாளின் கீறல்கள் தனியாகத் தெரியும். அவை முற்றிலும் மறையும்வரை அடுத்த எண்ணுக்குப் போகக் கூடாது. ஒருமுறை அவசரப்பட்டு 400-ஐ விட்டுவிட்ட நான், பாலிஷ் போட்டபின் மூடியை வெயிலில் பிடித்துப் பார்த்தபோது ஆழமான கோடுகள் அப்படியே நிற்பதைக் கண்டு மனம் நொந்து, தொடக்கத்திலிருந்தே மீண்டும் தேய்த்தேன்.

மெட்டல் பாலிஷ் தடவித் தேய்க்கையில் துணி கரியாகக் கறுக்கும். அந்தக் கறுப்பைத் துடைத்தெடுக்கும்போது அடியில் நம் முகம் தெரியத் தொடங்கும் கணம் அத்தனை உழைப்புக்கும் ஈடானது.

குரோம் பாகங்களுக்கு இம்முறை பொருந்தாது. குரோமியப் படலம் மிக மெல்லியது என்பதால், லேசான துருப்புள்ளிகளைக் கசக்கிய அலுமினியத் தாளை நீரில் நனைத்து மென்மையாகத் தேய்த்தே நீக்க வேண்டும்.

மெருகேறிய மூடிக்கு இப்போது வார்னிஷ் இல்லை; ஆகவே மெழுகு தடவி, மழையில் நனைந்த ஒவ்வொரு முறையும் உலரத் துடைத்து வைக்கிறேன்.