போர்வெல் தண்ணீரோடு பீன்யாவுக்கு மூன்று முறை

டிவியில் ஒரு சொட்டை மெஷினில் விடுவார்கள். அடுத்த காட்சியில் விஷத்தின் பெயர் திரையில் வந்து நிற்கும். அந்த நினைப்பில்தான் நானும் பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் எங்கள் போர்வெல் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு பெங்களூரு அல்சூரிலிருந்து பீன்யாவில் இருக்கும் தண்ணீர்ச் சோதனை லேப் வரை போனேன். தங்கை கைக்குழந்தையோடு வந்திருந்தாள். தண்ணீரில் ஒரு வாடை. காய்ச்சித்தான் பால் பவுடர் கலக்கினோம், ஆனாலும் மனசு கேட்கவில்லை.

கவுண்டரில் இருந்தவர் பாட்டிலைத் தொடவே இல்லை. "எந்த பாராமீட்டர்?" என்றார், அதாவது தண்ணீரில் எதையெதைப் பார்க்க வேண்டும் என்று.

"என்ன இருக்குன்னு பாருங்க."

"அப்படி ஒரு டெஸ்ட் கிடையாது."

அவ்வளவுதான். முதல் நாள் போனில் "தண்ணி எடுத்துட்டு வாங்க" என்று சொன்னவரும் இவரே. கிருமிச் சோதனைக்குக் கிருமி நீக்கிய ஸ்டெரைல் பாட்டில் வேண்டும் என்று அப்போதே சொல்லியிருந்தால் அரை நாள் லீவு மிஞ்சியிருக்கும். நான் தமிழில் புலம்பியதைக் கேட்டு உள்ளேயிருந்து வந்த பெண், கோலார் தங்கவயல்காரி, இரண்டு பாட்டில்கள் கொடுத்தாள். "கேட்டதைத்தான் மெஷின் சொல்லும்க்கா. நைட்ரேட், ஃப்ளோரைடு, கடினத்தன்மை, கோலிஃபார்ம் கிருமி, இதெல்லாம் எழுதிக் கொடுங்க."

இரண்டாம் முறை போனது சனிக்கிழமை. கிருமி சாம்பிளைச் சனிக்கிழமை வாங்க மாட்டார்களாம். அதையும் யாரும் சொல்லவில்லை. திங்கட்கிழமை விடியற்காலையில் குழாய் வாயை நெருப்பில் காட்டி, மூன்று நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, மூடியின் உள்பக்கம் விரல் படாமல் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனேன்.

நைட்ரேட் பார்ப்பதை அந்தப் பெண் காட்டினாள். எங்கள் தண்ணீர் கடைசியில்தான் வந்தது. முதலில் வெறும் சுத்த நீர், பிறகு தெரிந்த அளவு நைட்ரேட் கலந்த ஐந்து கரைசல்கள். ஒவ்வொன்றும் 220 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று குறித்து ஒரு கோடு போட்டாள். அந்தக் கோட்டில் எங்கள் தண்ணீர் எங்கே விழுகிறது என்பதுதான் விடை. கோலிஃபார்முக்குத் தண்ணீரை 35 டிகிரி சூட்டில் 48 மணி நேரம் வைத்துப் பார்ப்பார்கள். சோதனைக் குழாய்க்குள் கவிழ்த்து வைத்த குட்டிக் குழாயில் வாயுக் குமிழ் சிக்கினால் சந்தேகம். அதை உறுதிசெய்ய இன்னும் 2 நாள்.

ரிப்போர்ட் வந்தது: நைட்ரேட் லிட்டருக்கு 71 மில்லிகிராம். இந்தியக் குடிநீர்த் தரநிலையான ஐஎஸ் 10500 அனுமதிப்பது 45. கோலிஃபார்மும் இருந்தது. காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி ஏறும். கைக்குழந்தையின் ரத்தத்தில் ஆக்ஸிஜன் எடுத்துச் செல்லும் திறனையே அது கெடுக்கும். நாங்கள் குழந்தைக்காகக் காய்ச்சிக் காய்ச்சிக் கொடுத்தது இதைத்தான்.

நீங்கள் போவதாக இருந்தால் லேபுக்கு என்ஏபிஎல் (சோதனைக்கூடங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். உங்களுக்கு வேண்டிய சோதனை அந்த அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். ரிப்போர்ட்டில் "கண்டறியப்படவில்லை" என்றிருந்தால் அந்த முறையால் பிடிக்க முடிந்த அளவுக்குக் கீழே என்று அர்த்தம், பூஜ்யம் என்று அல்ல.

ரிப்போர்ட்டை வீட்டு ஓனரிடம் நீட்டினேன். ஆறு மாதமாகத் தட்டிக்கழித்தவர், மறுநாளே பிளம்பரோடு வந்து சமையலறைக் குழாயைக் காவிரித் தண்ணீருக்கு மாற்றிக் கொடுத்தார்.