உலுருவும் சிவனொளிபாதமலையும்: தரம் 10 வகுப்பில் ஒரு நாள்

போன வாரம் வெள்ளவத்தையில் என் தரம் 10 பிள்ளைகளுக்கு அவுஸ்திரேலியாவிலுள்ள பெரிய பாறையான உலுருவின் படங்கள் இரண்டைக் காட்டினேன். ஒன்றில் எறும்பு வரிசை மாதிரி ஆட்கள் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு பாறையில் ஏறுகிறார்கள். மற்றதில் யாருமே இல்லை. அவுஸ்திரேலிய அரசு 1985இல் அந்த இடத்தை, அதைப் புனிதமாகக் கருதும் பூர்வகுடிகளான அனங்கு மக்களிடம் திருப்பிக் கொடுத்து, அதே கையோடு தேசியப் பூங்காவுக்காக 99 வருடக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டது, ஏறாதீர்கள் என்று அவர்கள் வருடக்கணக்காகக் கேட்டும் ஆட்கள் ஏறிக்கொண்டே இருந்தார்கள், 2019 ஒக்டோபர் 26இல்தான் அது முற்றாகத் தடையானது.

"காசு கட்டி வந்தவங்களுக்கு ஏற உரிமை இல்லையா மிஸ்?" என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. பதில் சொல்லாமல், சிவனொளிபாதமலைக்குப் போனவர்கள் கை தூக்குங்கள் என்றேன். பாதி வகுப்பு தூக்கியது. அங்கே ஏறுவதுதான் வழிபாடு. உச்சியிலுள்ள பாதச்சுவடு சைவர்களுக்குச் சிவன் பாதம், பௌத்தர்களுக்குப் புத்தர் பாதம், முஸ்லிம்களுக்கு ஆதம் நபியின் பாதம். உலுருவிலோ ஏறாமல் இருப்பதுதான் மரியாதை. இந்த வித்தியாசம் பிடிபடாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் மனப்பாடம்.

அப்புறம் ஒரு பிள்ளை, முதல் தடவை ஏறுகிறவர்கள் உச்சியில் மணியை ஒரு தரம்தான் அடிக்க வேண்டும் என்று அம்மம்மா சொல்லிக் கொடுத்ததையும், முன்னால் நின்ற வெளிநாட்டுக்காரர் படமெடுப்பதற்காக அதை அடித்துக்கொண்டே இருந்ததையும் சொன்னாள். அவருக்கு யாராவது விளங்கப்படுத்தினார்களா என்று கேட்டேன்.

"இல்லை மிஸ், நாங்கள் வரிசையில் பார்த்துக்கொண்டு நின்றோம்."

அடுத்த பாடம் அங்கிருந்துதான். மலையடிவாரத்தில் வைக்க ஓர் அறிவித்தல் பலகை, மூன்று மொழியிலும் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.