லாரன்ஸ், கான்சஸ்: இரண்டாம் பாதியில் ஜெயித்த அணியின் ஊர்

கான்சஸ் சிட்டி விமான நிலையத்தில் இறங்கி வாடகைக் கார் எடுத்தால், அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்துப் பல்கலைக்கழக ஊரான லாரன்ஸ் ஏறக்குறைய ஒரு மணி நேரம். இரண்டு வழி இருக்கிறது. ஐ-70 சுங்கச்சாலை கொஞ்சம் சுலபம். ஆனால் 2024 ஜூலையிலிருந்து அதில் சாவடி கிடையாது. கேமரா நம்பர் பிளேட்டைப் படம் பிடித்து பில் அனுப்பும். வாடகைக் காரென்றால் அந்த பில் கார் நிறுவனத்துக்குப் போய், அவர்களுடைய கட்டணத்தையும் சுமந்துகொண்டு சில வாரம் கழித்து உங்கள் கார்டில் வந்து விழும். தெற்கே சுற்றி கே-10 வழியாகப் போனால் சுங்கம் இல்லை. சிகாகோ–லாஸ் ஏஞ்சலஸ் ரயிலான சவுத்வெஸ்ட் சீஃப் லாரன்ஸில் நிற்கிறது. ஆனால் ஒரு திசை வண்டி நள்ளிரவை ஒட்டி வரும், மற்றது விடியற்காலையில். ஜனவரிக் குளிரில் அந்த நேரத்துக்கு ஸ்டேஷனில் நிற்கத் தயாராக இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

இந்த ஊருக்கு ஏன் போக வேண்டும்? கான்சஸ் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணிக்காகத்தான். அந்த அணி 1952, 1988, 2008, 2022 என நான்கு முறை என்சிஏஏ பட்டம், அதாவது அமெரிக்கக் கல்லூரிகளின் தேசியப் பட்டம், வென்றிருக்கிறது. கடைசிப் பட்டம் வந்த 2021-22 சீசனை மனதில் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றினால் பார்க்கிறது எல்லாவற்றுக்கும் ஒரு அர்த்தம் கிடைக்கும். 34 வெற்றி, 6 தோல்வி. எண்ணிக்கையைப் பார்த்தால் நேரே போய்க் கோப்பையைத் தூக்கிய மாதிரி தெரியும். அப்படி நடக்கவில்லை.

முதலில் டிப்ரூஸ் சென்டருக்குப் போங்கள். 2016-இல் திறந்த கட்டடம், ஆலன் ஃபீல்ட்ஹவுஸ் அரங்கத்தோடு ஒட்டியே இருக்கிறது. ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891 டிசம்பரில் கூடைப்பந்துக்கு எழுதிய முதல் விதிகளின் மூலப்பிரதி இங்கேதான் இருக்கிறது. தட்டச்சு செய்த இரண்டே தாள், பதின்மூன்று விதிகள். கீழே அவரே 1931-இல் கைப்படக் குறிப்பெழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார். 2010-இல் நியூயார்க் ஏலத்தில் இந்தத் தாள்கள் 43 லட்சம் டாலருக்கு மேல் போயின. வாங்கியவர் இதே பல்கலைக்கழகத்தில் படித்த டேவிட் பூத்.

போட்டோ எடுத்துவிட்டு நகர்ந்துவிடாமல் நின்று வாசியுங்கள். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடலாம் என்று எங்கேயும் இல்லை. பந்தோடு ஓடவே கூடாது, பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும். ஒரு தரப்பு தொடர்ந்து மூன்று ஃபவுல் செய்து, இடையில் எதிர்த்தரப்பு ஒன்றும் செய்யாவிட்டால், அது எதிர்த்தரப்புக்கு ஒரு கோல். ஆட்ட நேரம்: பதினைந்து நிமிடப் பாதிகள் இரண்டு, நடுவே ஐந்து நிமிட ஓய்வு. இன்றைக்குக் கல்லூரி ஆடவர் ஆட்டத்தில் பாதிக்கு இருபது நிமிடம், ஓய்வும் நீண்டுவிட்டது. அந்த ஓய்வு என்ற ஒரு வரியை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நெய்ஸ்மித் 1898-இல் லாரன்ஸுக்கு வந்து இந்த அணியின் முதல் பயிற்சியாளர் ஆனார். அவர் கணக்கு 55 வெற்றி, 60 தோல்வி. இந்த அணியின் வரலாற்றில் ஜெயித்ததைவிட அதிகம் தோற்ற ஒரே பயிற்சியாளர், ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர்தான். ஊர்க்காரர்கள் இதைச் சொல்லாமல் உங்களை விடமாட்டார்கள்.

அவர் கல்லறை ஊரின் கிழக்கே மெமோரியல் பார்க் கல்லறைத் தோட்டத்தில். நுழைவாயில் பக்கம் பெரிய நினைவுக்கல் இருப்பதால், பார்க்க வருகிறவர்கள் அதுவே கல்லறை என்று நினைத்துத் திரும்பிவிடுகிறார்கள். உண்மையான கல் உள்ளே, மேசன் சங்கத்தாருக்கான பகுதியில், அடக்கமாக இருக்கிறது. சாலையின் மறுபக்கம் ஓக் ஹில் கல்லறைத் தோட்டம். ஃபாக் ஆலன் அங்கே இருக்கிறார். நெய்ஸ்மித்தின் சீடர், அரங்கத்துக்குப் பெயர் கொடுத்தவர். பேஸ்பால் நடுவராக இருந்தபோது அவர் குரல் மூடுபனிக்கு ஊதும் கப்பல் சங்கு மாதிரி இருந்ததாம். ‘ஃபாக்’ என்ற பட்டப்பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

இனி அரங்கம். ஆலன் ஃபீல்ட்ஹவுஸ் 1955 மார்ச் 1-இல் திறந்தது. வெளியிலிருந்து பார்த்தால் சுண்ணாம்புக்கல்லில் கட்டிய பெரிய தானியக் கிடங்கு போல இருக்கும். நெடுநாள் 16,300 பேர் கொள்ளும் என்று சொன்னார்கள். 2024-இல் புதுப்பித்த பிறகு கொஞ்சம் குறைந்திருக்கிறது. 2017 பிப்ரவரியில் வெஸ்ட் வர்ஜீனியாவோடு ஆடிய அன்று 130.4 டெசிபல் சத்தம் அளந்து கின்னஸில் ஏறியது. குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் காது மூடி எடுத்துப் போவது நல்லது.

டிக்கெட்தான் பெரிய பாடு. கான்சஸ் ஸ்டேட் வரும் நாளிலும், ஜனவரி, பிப்ரவரி சனிக்கிழமைகளிலும் மறுவிற்பனை விலை கண்ணைக் கட்டும். கிறிஸ்துமஸ் விடுமுறையில் மாணவர்கள் ஊரில் இருக்கமாட்டார்கள். அப்போது நடக்கும் ஆட்டங்களில் விலை இறங்கும். நவம்பரில் சிறிய கல்லூரிகள் வரும் ஆட்டங்களும் அப்படித்தான். இதே தரையில்தான் மகளிர் அணியும் ஆடுகிறது, அந்த டிக்கெட் பெரும்பாலும் சுலபமாகக் கிடைக்கும். கட்டடத்தைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் அதுவே புத்திசாலித்தனம். பை விஷயத்தில் கவனம்: ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பையை மட்டும்தான் விடுவார்கள். முதுகுப்பையோடு போனால் காரில் வைக்கத் திரும்ப வேண்டியதுதான், அதற்குள் முதல் பத்து நிமிட ஆட்டம் முடிந்துவிடும்.

மாணவர்களுக்குத் தனி ஏற்பாடு. குழுக்களாகப் பெயர் கொடுத்து, அரங்கத்துக்குள்ளேயே நாள் முழுக்க ஒருவர் மாற்றி ஒருவர் இடம் காக்க வேண்டும். திடீர் திடீரென்று பெயர் கூப்பிடுவார்கள். அந்த நேரத்தில் குழுவில் ஒருவரும் இல்லையென்றால் பட்டியலிலிருந்து அடி. வார நாளில் பகலில் உள்ளே போனால் நடைபாதையோரம் போர்வையும் மடிக்கணினியுமாகப் படித்துக்கொண்டிருப்பவர்கள் இவர்கள்தான்.

ஆட்டம் தொடங்க அரை மணி முன்பே உட்கார்ந்துவிடுங்கள். பள்ளிப் பாட்டு முடிந்ததும் ‘ராக் சாக், ஜேஹாக், கேயூ’ கோஷம் வரும், மாதா கோயில் மந்திரம் போல மிக மெதுவாக. 1886-இல் வேதியியல் பேராசிரியர் ஒருவர் உருவாக்கிய கோஷத்திலிருந்து வளர்ந்தது. சாக் என்பது இந்தக் குன்றின் சுண்ணாம்புக்கல். எதிரணி ஆட்டக்காரர்களின் பெயரை அறிவிக்கும்போது மாணவர்கள் செய்தித்தாளை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்துக்கொள்வார்கள், யார் வந்தால் எனக்கென்ன என்கிற மாதிரி. சொந்த அணி வந்ததும் அதே தாள் சுக்கல் சுக்கலாகக் கிழிந்து மேலே பறக்கும். சுவரில் ‘ஃபாக்’கிடம் ஜாக்கிரதை என்று எச்சரிக்கும் பதாகை தொங்குகிறது. 1988-இல் மாணவர்கள் விடுதிக் குளியலறைத் திரைகளைக் கொண்டு செய்தது அதன் முதல் பிரதி.

2022 ஜனவரி 24 இந்தத் தரையில்தான் டெக்சஸ் டெக் இரண்டு ஓவர்டைம் போய் 94-91-இல் தோற்றது. கான்சஸின் ஓச்சாய் அக்பாஜி ஒருவரே 37 புள்ளி. ஐந்தே நாள் கழித்து, ஜனவரி 29, இதே தரையில் கென்டக்கி வந்து 80-62 என்று அடித்துவிட்டுப் போனது. சொந்த வீட்டில் 18 புள்ளி வித்தியாசத்தில் தோல்வி. இந்த இரண்டு ஆட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த அணி பிடிபடும். அக்பாஜியை நம்பித்தான் தாக்குதல். வளையத்தருகே ஆடும் டேவிட் மெக்கார்மக்கின் நாள் எப்படி என்பதைப் பொறுத்துத்தான் மீதி. பந்தை வேகமாக முன்னால் கொண்டுபோவதற்கென்றே அந்த ஆண்டு சேர்த்த ரெமி மார்ட்டின் முழங்கால் வலியால் சீசனின் நடுவில் பல ஆட்டம் உட்கார்ந்தே இருந்தார்.

மார்ச் 1 டிசியூவிடம் (டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்) தோற்றதுதான் கடைசித் தோல்வி. அதன்பின் பதினோரு ஆட்டம், பதினோரு வெற்றி. மார்ச் 5 சொந்த அரங்கத்தில் டெக்சஸை ஓவர்டைமில் வென்று, தான் ஆடும் கல்லூரி லீக்கான பிக் 12-இன் பட்டத்தைப் பேலர் அணியோடு பகிர்ந்துகொண்டது. அடுத்த வாரம் கான்சஸ் சிட்டியில் பிக் 12 தொடரையும் எடுத்தது. மார்ட்டினின் முழங்கால் சரியானது அப்போதுதான். என்னைக் கேட்டால் அந்தப் பட்டத்துக்குத் தேதி குறித்தது அந்த முழங்கால்தான்.

அணியைப் பின்தொடர்ந்து என்சிஏஏ தொடர் முழுக்கப் போக நினைக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. எந்த ஊரில் ஆட்டம் என்பது தொடருக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாலைதான் தெரியும். 2022-இல் முதல் இரண்டு ஆட்டம் ஃபோர்ட் வொர்த், அடுத்த இரண்டு சிகாகோ, கடைசி இரண்டு நியூ ஆர்லியன்ஸ். ஃபோர்ட் வொர்த்துக்கு ஐ-35 பிடித்து ஒரு பகல் முழுக்க ஓட்டலாம். சிகாகோவுக்கு அந்த விடியற்காலை ரயிலே நேராகப் போகிறது. ஓட்டல் அறையை எப்போதும் ரத்து செய்யக்கூடிய வகையில் பதிவு செய்யுங்கள். வியாழன் தோற்றால் சனிக்கிழமை அறை எதற்கு?

சிகாகோவில் மயாமியோடு ஆடிய நாளில் இடைவேளையின்போது கான்சஸ் 29-35 பின்தங்கியிருந்தது. முடிவு 76-50. இரண்டாம் பாதியில் 47-15. மெக்கார்மக்குக்கு உள்ளே பந்து கொடுத்துக்கொண்டே இருந்தார்கள், மயாமியிடம் அவரைத் தாங்கும் உயரம் இல்லை.

ஏப்ரல் 4, சூப்பர்டோம், எதிரே நார்த் கரோலைனா. கிட்டத்தட்ட எழுபதாயிரம் பேர். அமெரிக்கக் கால்பந்து மைதானத்தின் நடுவில் மேடை போல உயர்த்திப் போட்ட தரை. மேல் அடுக்கில் உட்கார்ந்தவர்கள் பெரிய திரையைத்தான் பார்த்திருப்பார்கள். முதல் பாதியில் நார்த் கரோலைனா தவறவிட்ட பந்துகளைத் தானே திரும்பப் பிடித்துப் பிடித்துப் போட்டது. 40-25. இறுதி ஆட்டத்தில் இடைவேளையின்போது அவ்வளவு பின்தங்கி, அதுவரை யாரும் மீண்டதில்லை.

இடைவேளைக்குப் பின் கான்சஸ் பயிற்சியாளர் பில் செல்ஃபின் ஆட்கள் செய்தது ஓட்டம். பந்து கைக்கு வந்ததும் முன்னால் எறிந்து, எதிரணி தடுப்பில் நிற்பதற்குள் போட்டார்கள். நார்த் கரோலைனா பெரும்பாலும் ஐந்து பேரையே நம்பிய அணி, கால் தளர்ந்தால் மாற்றிவிட ஆள் குறைவு. பத்தே நிமிடத்தில் 31-10, ஸ்கோர் 56-50. மார்ட்டின் தூரத்திலிருந்து நான்கு த்ரீ (மூன்று புள்ளி எறிதல்) போட்டார். 1 நிமிடம் 21 விநாடி மீதி இருக்கையில் மெக்கார்மக் தான் விட்ட பந்தைத் தானே பிடித்துப் போட்டு 70-69. 22 விநாடி மீதி இருக்கையில் வளையத்தருகே முதுகு கொடுத்து நின்று இன்னொன்று, 72-69. பிறகு கான்சஸின் டஜுவான் ஹாரிஸ் பந்தோடு எல்லைக் கோட்டை மிதித்து, எதிரணிக்குப் பந்தையும் 4.3 விநாடியையும் தானமாகக் கொடுத்தார்! நார்த் கரோலைனாவின் கேலப் லவ் எறிந்த கடைசி த்ரீ விழவில்லை. இரண்டாம் பாதியில் கான்சஸ் போட்டது மறுபடியும் சரியாக 47.

அதனால் ஆலன் ஃபீல்ட்ஹவுஸில் கான்சஸ் பத்துப் புள்ளி பின்தங்கி இடைவேளை வந்தாலும், கூட்டத்தை முந்திக்கொள்ளலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். எதிரணி ஆள் ஐந்தாவது ஃபவுலில் வெளியேறும்போது அரங்கமே கையைத் தூக்கி இடமும் வலமும் மெல்ல அசைக்கும். கோதுமை அசைக்கிறார்கள். மேல் வரிசையிலிருந்து பார்த்தால் காற்றடிக்கிற வயலேதான். வெற்றி உறுதியானதும் அதே மெதுவான கோஷம் மறுபடி எழும், இந்தத் தடவை மணி அடிக்கும் முன்பே.

ஆட்டம் முடிந்ததும் காருக்கு ஓடாதீர்கள். நெய்ஸ்மித் டிரைவ் அரை மணி நேரம் நகராது. மாசசூசெட்ஸ் தெரு, ஊர் வழக்கில் மாஸ் ஸ்ட்ரீட், அரங்கத்திலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல். சாப்பாட்டுக் கடைகள் அங்கேதான், 2022 வெற்றி ஊர்வலம் போனதும் அங்கேதான். நடக்கலாம், ஆனால் குறுக்கே மவுண்ட் ஓரியட் குன்று ஏறி இறங்க வேண்டும், ஜனவரியில் அந்தச் சரிவு பனிக்கட்டியாக வழுக்கும். நல்ல பிடிப்புள்ள ஷூ போட்டுக்கொள்ளுங்கள். டிவிக்காக இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் திங்கட்கிழமை ஆட்டமென்றால், முடிய பத்து தாண்டிவிடும். அந்த நேரத்தில் சமையலறை மூடாத கடை எது என்று முன்பே விசாரித்து வையுங்கள்.