கனமான செமஸ்டரில் எலெக்டிவ் எடுத்த அனுபவம்

ஐந்தாவது செமஸ்டரில் கட்டாயப் பாடங்களே மூச்சு முட்ட வைத்தன. இரண்டு லேப், ஒரு கடினமான தியரி, கூடவே மினி புராஜெக்ட். அதற்கு மேல் இரண்டு எலெக்டிவ் (நாமே தேர்ந்தெடுக்கும் விருப்பப் பாடம்) எடுத்தே ஆகவேண்டும். சீனியர்களைக் கேட்டால் "அது ஈஸி, கண்ணை மூடிக்கிட்டு எடு" என்றார்கள். எதனால் ஈஸி என்றால் பதில் வரவில்லை. அதனால் கேள்வியை மாற்றினேன்: "கடைசி மாதத்தில் இந்தப் பாடத்துக்கு வாரம் எத்தனை மணி நேரம் போனது?" இதற்குத்தான் உண்மையான பதில்கள் கிடைத்தன.

கிரெடிட்டை, அதாவது ஒரு பாடத்துக்குப் பட்டத்தில் எவ்வளவு எடை என்று காட்டும் எண்ணை, மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தியரியில் வாரம் 1 மணி நேர வகுப்புக்கு 1 கிரெடிட் என்றால், லேபில் அதே 1 கிரெடிட்டுக்குப் பெரும்பாலும் 2 மணி நேரம் நிற்க வேண்டும், ரெக்கார்டு எழுதுவது தனி. வகுப்பில் 1 மணி என்றால் வெளியே 2 மணி படிக்க வேண்டும் என்ற பொதுக் கணக்கை வைத்தால் 3 கிரெடிட் தியரிக்கே வாரம் 9 மணி நேரம் ஆகிறது.

அப்புறம் ஒரு தாளில் செமஸ்டரின் வாரங்களை வரிசையாக எழுதி, கட்டாயப் பாடங்களின் தேர்வு, ரெக்கார்டு, புராஜெக்ட் தேதிகளைக் குறித்து, ஒவ்வொரு எலெக்டிவின் சிலபஸிலும் மதிப்பெண் எப்படிப் பிரிகிறது, எது எப்போது வருகிறது என்று பார்த்து அதன் மேலேயே எழுதினேன். எல்லோரும் பரிந்துரைத்த சினிமா ரசனைப் பாடத்துக்குத் தேர்வே கிடையாது, ஆனால் குழுவாக எடுக்கும் குறும்படத்தை 13-வது வாரத்தில் கொடுக்க வேண்டும். என் ரெக்கார்டும் புராஜெக்ட்டும் அதே வாரம்! ஆசையாக இருந்தும் விட்டுவிட்டேன்.

உளவியல் அறிமுகம் எடுத்தேன். வாராவாரம் குவிஸ் என்றதும் பலர் ஒதுங்கினார்கள், எனக்கோ அதுதான் பிடித்தது, சுமை பரவி விடுகிறது, கடைசியில் குவிவதில்லை. படிக்கவும் ஆர்வமாக இருந்தது, பிடிக்காத பாடம் எவ்வளவு ஈஸியாக இருந்தாலும் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டே மலையாகிவிடும். இன்னொன்று புள்ளியியல். பெயரைக் கேட்டால் பயம் வரும், ஆனால் என் புராஜெக்ட்டுக்கு ரிக்ரெஷன் (ஒன்று மாறினால் இன்னொன்று எவ்வளவு மாறும் என்று கணிக்கும் புள்ளியியல் முறை) எப்படியும் கற்க வேண்டியிருந்தது, ஒரே உழைப்பு இரண்டு இடத்தில் உதவியது.

பாடம் மாற்றிக்கொள்ள அனுமதிக்கும் முதல் வாரங்களைக் கண்டிப்பாகப் பயன்படுத்துங்கள். வகுப்பில் உட்கார்ந்து பார்த்து, எத்தனை அசைன்மென்ட் என்று ஆசிரியரிடமே கேளுங்கள். பதிவு செய்யும் முன், அந்தப் பாடம் உங்கள் பட்டத்தின் எலெக்டிவ் கணக்கில் சேருமா என்று துறையில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.