விண்ணப்பம் போட்டுவிட்டேன்

நேற்றிரவு பதினொன்றரைக்கு அனுப்பிவிட்டேன். என்எச்எஸ் (பிரிட்டன் அரசின் பொது மருத்துவ சேவை) மருத்துவமனையில் துணை மருத்துவத் துறைகளுக்கான தலைமைப் பதவி; சம்பளப் படிநிலை பேண்ட் 8சி. இங்கிலாந்தில் இந்தத் துணை மருத்துவத் துறைகளில் 14 தொழில்கள் அடங்கும். நான் பிசியோதெரபிஸ்ட்; முழங்கால், இடுப்பு என்றால் எனக்கு அத்துப்படி. மற்ற 13?

அதனால் போன மாதம் பேச்சு சிகிச்சையாளர் ஒருவருடன் இரண்டு நாள் வார்டில் உட்கார்ந்தேன். பக்கவாதம் வந்த பெரியவருக்கு ஒரு கரண்டி கெட்டியாக்கிய தண்ணீர் கொடுத்து, தொண்டையில் விரல் வைத்து, அவர் விழுங்குகிறாரா என்று அப்படியே காத்திருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் 'எல்லாருக்காகவும் பேசுவேன்' என்று எழுத மனம் வந்தது.

ஃபவுண்டேஷன் டிரஸ்ட் (மருத்துவமனைகளை நடத்தும் ஒருவகை என்எச்எஸ் அமைப்பு) வாரியத்தில் மருத்துவர் அல்லது பல் மருத்துவர் ஒருவரும், செவிலியர் அல்லது பேறுகாலச் செவிலியர் ஒருவரும் இருக்கவேண்டும் என்கிறது சட்டம். துணை மருத்துவத் துறையினரான எங்களுக்கு அப்படி இடமில்லை. இந்தப் பதவி வேண்டும் என்பதற்கு அதுவே பெரிய காரணம்.

சரி, நேர்காணலுக்குக் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும், அடுத்த வாரம் எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கும் ரேடியோகிராபர்களின் இரவுப் பணியைப் போய்ப் பார்க்கிறேன்.