அப்பாவின் ஆள்காட்டி விரல்

அழைப்பைத் துண்டிக்கப் போன அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டார்.

லைனில் அத்தை. பக்கத்தில் அம்மா, அத்தையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். மிச்சத்தை எழுதினால் வீட்டுக்குள் விட மாட்டார்கள்.

"டச்சு சரியில்லடா, புது போன் வாங்கணும்" என்றார் அப்பா.

வாங்கிப் பார்த்தேன். போனில் குறையே இல்லை. விரலைப் பார்த்தேன். முப்பது வருஷம் ஸ்பேனர் பிடித்த விரல். நுனி காய்த்து, வறண்டு கிடக்கிறது. எவ்வளவு அழுத்தினாலும் இந்தத் திரைக்கு உறைக்காது. அதற்குத் தெரிவது அழுத்தம் இல்லை, தோல் பட்டதும் மின்புலத்தில் வரும் மாற்றம்தான்.

விரல் ஒரு புள்ளியில் படுவதும் இல்லை. படும் பரப்பின் நடுவைத் திரை கணக்குப் போட்டுக்கொள்கிறது. பொத்தான் சுமார் 9 மில்லிமீட்டராவது இருக்கட்டும் என்று ஆண்ட்ராய்டு வழிகாட்டியே சொல்கிறது. விசைப்பலகை அடுத்த எழுத்தை ஊகித்து, அதன் எல்லையைச் சத்தமில்லாமல் விரிக்கிறது. நாம் சரியாகத் தட்டுவதில் பாதி அது போடும் பிச்சை. இதில் விளம்பரக்காரர்கள் துல்லியம் என்று மார்தட்டுவது வேறு!

செட்டிங்ஸில் எழுத்தையும் பொத்தானையும் பெரிதாக்கிக் கொடுத்தேன். அப்பாவுக்குப் புது போன் ஆசை போய்விட்டது.

அத்தைதான் இன்னும் போனை எடுக்கவில்லை.