கழுவாத நுண்கோளங்கள்

மதுரைப் புறநகரில் உள்ள ஒரு கல்லூரியில் எம்.ஃபார்ம் படித்தபோது, ஐபுப்ரோஃபென் என்ற வலிநிவாரணி மருந்தை எத்தில் செல்லுலோஸ் என்ற பாலிமரால் ஆன நுண்கோளங்களுக்குள் அடைத்து, அது மெல்ல மெல்ல வெளியேறும்படி செய்வதே என் ஆய்வேட்டுப் பணியாக இருந்தது. பாலிமரையும் மருந்தையும் டைகுளோரோமீத்தேனில் கரைத்து, சோப்புபோலத் துளிகளைப் பிரித்து வைக்கும் சர்ஃபாக்டன்ட் கலந்த நீரில் சொட்டுச் சொட்டாக விட்டு, கரைப்பான் ஆவியாகும்வரை ஸ்டிரரைச் சுழல விட வேண்டும். சர்ஃபாக்டன்ட் குறைந்தால் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும்; என் முதல் முயற்சி முழுவதும் ஸ்டிரர் தண்டில் பிசினாக ஒட்டிக்கொண்டது. அதனால் அடுத்த முறை தாராளமாக ஒரு சதவீதம் ட்வீன் 80 என்ற சர்ஃபாக்டன்டைச் சேர்த்தேன்.

கிடைத்த பொடி, சலித்த மாவுபோல் அத்தனை நைஸாக இருந்தது. ஆனால் கரைதல் சோதனையில் முதல் ஒரு மணி நேரத்திலேயே மருந்தில் பாதிக்கும் மேல் வெளியேறிவிட்டது. மெதுவாக விடுவிக்கும் மருந்து என்று அதை எந்த வாயால் சொல்வது?

காரணம் ஒன்றல்ல. துளி சிறுத்தால் பரப்பு கூடுகிறது. மருந்து வெளியே வரக் கடக்க வேண்டிய தூரமும் குறைகிறது. இதைவிட முக்கியமானது, ட்வீன் தன் மூலக்கூறுகள் மைசெல் என்ற நுண்திரள்களாகச் சேரும் செறிவைப் பலமடங்கு தாண்டியிருந்ததால், நீரில் எளிதில் கரையாத ஐபுப்ரோஃபெனை அந்த மைசெல்கள் துளிகளிலிருந்து வெளியே இழுத்திருக்கின்றன. உள்ளே அடைபட்டது குறைந்தது. மேற்பரப்பில் படிந்தது கூடியது. "எத்தனை தடவை கழுவுனீங்க தம்பி?" என்று என் வழிகாட்டி கேட்டபோது, ஒரே ஒரு முறை என்பதைச் சொல்லவே கூச்சமாக இருந்தது. வடிநீரில் நுரை வருவது நிற்கும்வரை கழுவிய பிறகு அந்த முதல் பாய்ச்சல் கணிசமாகத் தணிந்தது.

பிறகு ட்வீனுக்குப் பதிலாகப் பாலிவினைல் ஆல்கஹாலுக்கு மாறினேன். அதைக் குளிர்ந்த நீரில் தூவிக் கலக்கியபடியே சூடேற்ற வேண்டும். கொதிநீரில் கொட்டினால் கேப்பைக் களிபோல் கட்டி தட்டிவிடும். சித்திரை வெயிலில் ஆய்வறையே டைகுளோரோமீத்தேனின் கொதிநிலையான 40 டிகிரியை நெருங்கியதால், கரைப்பான் அவசரமாக வெளியேறிக் கோளங்களில் துளை விழுந்தது. அதன்பின் அதிகாலையில்தான் தயாரித்தேன்.

நன்கு கழுவிய கோளங்களோ கரைதல் சோதனைக்கான pH 7.4 பஃபரில் (pH எளிதில் மாறாத கரைசலில்) நனையாமல் மேலே மிதந்தன. அவற்றை அமிழ்த்த, பஃபரில் 0.02 சதவீத ட்வீனை நானே மறுபடியும் சேர்க்க வேண்டியதாயிற்று. மருந்தை அளக்கும் 222 நானோமீட்டர் அலைநீளத்தின் அருகே ட்வீனும் ஒளியை உறிஞ்சும் என்பதை மறந்து வெறும் பஃபரை பிளாங்காக, அதாவது ஒப்பீட்டுக்கான மருந்தில்லாக் கரைசலாக, வைத்திருந்தேன். அந்த இரண்டு வார அளவீடுகளை அடித்துவிட்டு, அதே அளவு ட்வீன் கலந்த பிளாங்குடன் முதல் மணி நேரத்திலிருந்து மீண்டும் தொடங்கினேன்.